‘நீங்க வர வேண்டாம் மேடம்’

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதைக் கட்சிக்காரர் உரிமையாகக் கோர முடியாது. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனாலும் அங்கே முதல் ஆள் கட்சிக்காரர்தான். கவுன்சலிங்குக்கு வர வேண்டியவரும், பெயர் கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டியவரும் அவர்தான். கோவை பீளமேட்டில் மோட்டார் பம்ப் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவருக்குக் கல்யாணம் நடந்தது கோவையில், குடித்தனம் சென்னையில். பிரிந்து பெற்றோர் வீட்டுக்கு வந்த பிறகு விவாகரத்து மனுவைக் கோவையிலேயே போட்டார். மனு போடும்போது மனைவி எந்த ஊரில் வசிக்கிறாரோ அங்கேயே வழக்குத் தொடுக்கலாம் என்று இந்து திருமணச் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டிருக்கிறது. ஊர் சரியாக அமைந்தது, வழக்கறிஞர் அமையவில்லை. “ஹைகோர்ட்டுப் பெரிய வக்கீலு. நம்ம சொந்தத்துலயே கேஸ் முடிச்சுக் குடுத்திருக்காரு” என்று பெரியப்பா ஒருவரைக் கைகாட்டினார். சென்னைக்காரரான அவர், கட்டணத்தில் பெரும்பகுதியை முதலிலேயே வாங்கிக்கொண்டு, கோவை வாய்தாக்களுக்கு உள்ளூர் ஜூனியர் ஒருவரை அனுப்பிவைத்தார்.

சம்மன், கவுன்டர், கவுன்சலிங் எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுபோலவே நடந்தன.

பிறகு ஒரு வாய்தாவுக்கு முந்தின நாள் மாலை ஜூனியரிடமிருந்து போன் வந்தது. “நாளைக்கு நீங்க வர வேண்டாம் மேடம், நாங்க பாத்துக்கறோம்.” அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் வாரம் அது. மேலாளர் முகத்தைப் பார்த்து மறுபடியும் லீவு கேட்க வேண்டாமே என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாள் நீதிமன்றத்தில் பெயர் கூப்பிட்டபோது அவரும் இல்லை, ஜூனியரும் இல்லை. ஆஜராகாத காரணத்தால் மனு தள்ளுபடியானது. இடைக்கால ஜீவனாம்சத்துக்குப் போட்டிருந்த மனுவும் அதோடு சேர்ந்து விழுந்தது. இது எதுவும் தெரியாமல் அவர் மாதக்கணக்கில் போன் செய்து தேதி கேட்டுக்கொண்டிருந்தார். “போட்டதும் சொல்றோம் மேடம்” என்ற ஒரே பதில்தான் வந்தது.

உண்மை தெரிந்தது அலுவலகத்தில்தான். நில வழக்கு ஒன்றை நடத்திக்கொண்டிருந்த சக ஊழியர் இ-கோர்ட்ஸ் செயலியைக் காட்டினார். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. மனு நகலின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த அந்த எண்ணை அடித்ததும் ‘கேஸ் டிஸ்போஸ்டு’ என்று வந்தது. எண்ணைத்தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி அடித்தார். அதே வரிதான் வந்தது.

தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடு எப்போதோ முடிந்திருந்ததால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனியாக ஒரு மனு போட வேண்டியதாயிற்று. எதிர்த்தரப்பு அதையும் விடாமல் எதிர்த்தது. “வாதாடித் தோத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஆளே வராம கேஸு போயிருச்சுங்க” என்கிறார். வழக்கு மீண்டும் கோப்புக்கு வந்துவிட்டது, கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை.

இரண்டாவது வழக்கறிஞரை அவர் யாரிடமும் கேட்டுப் பிடிக்கவில்லை. காலையில் பெயர் கூப்பிடும் நேரத்துக்குக் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் போய் நின்றார். யார் கேஸ் கட்டோடு நேரத்துக்கு வருகிறார்கள், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா கேட்கிறார்கள், கட்சிக்காரர் அழும்போது யார் கைப்பேசியைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே நின்றாலே தெரிந்துவிடும் என்கிறார். இணையத்தில் நட்சத்திரக் குறிகளோடு வரும் வழக்கறிஞர் பட்டியல்கள் மீது அவருக்கு நம்பிக்கை கிடையாது. அது நியாயம்தான். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அத்தகைய தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

புதிய வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டார். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். முந்தையவர் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஜீவனாம்ச வழக்குக்குப் போகிறவர்கள் வழக்கறிஞரைச் சோதிக்க இந்தப் பத்திரத்தைப் பற்றிய கேள்வியைவிட நல்ல கேள்வி இல்லை என்பது இந்தப் பெண்ணின் கட்சி.

கட்டணத்திலும் இப்போது கறார்தான். மனுவுக்கு இவ்வளவு, குறுக்கு விசாரணைக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேசி, ரசீது வாங்குகிறார். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பவரிடம் போகவே கூடாது என்கிறார். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேச பார் கவுன்சில் விதிகளே இடம் தருவதில்லை.

பழைய வழக்கறிஞர், பாக்கியைக் கட்டினால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்று இழுத்தடித்தார். அதற்கும் அவருக்கு உரிமை இல்லை. கட்டண பாக்கிக்காக வழக்கு ஆவணங்களைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகுதான் வக்காலத்து மாற்றத்துக்கான ஆட்சேபணையின்மைக் கடிதமும் கட்டும் வந்து சேர்ந்தன.

பணமில்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைச் சொல்கிறார். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும். 15100 என்ற எண்ணை அழைத்தும் விவரம் கேட்கலாம். பெரியப்பா சொன்ன ஆளுக்கு முன்பணம் கட்ட அம்மாவின் வளையல்களை அடகு வைத்த நாளில் இது தெரியாமல் போனது அவருக்கு இன்றும் ஆறவில்லை.

பெரியப்பா அண்மையில் இன்னொரு உறவுக்காரப் பெண்ணுக்கும் அதே வழக்கறிஞரின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். விஷயம் காதுக்கு எட்டியதும் இவர் அந்தப் பெண்ணை அழைத்து, வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் குடும்ப நீதிமன்ற வராந்தாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்காக அலுவலகத்தில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டார்.