இமயத்தின் கருவாலி

ஓக் என்னும் கருவாலி மரம் மேல்நாடுகளுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். நம் இமயமலைச் சரிவுகளிலும் அதன் இனங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை உத்தரகாண்ட் மக்கள் 'பாஞ்ச்' என்று அழைக்கின்றனர்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், ஈரமும் மட்கும் நிறைந்த மண்ணில் இம்மரம் செழிக்கும். என்றும் பசுமையானது, மெல்ல வளர்வது. இலையின் விளிம்பு ரம்பப் பல் போன்றிருக்கும். மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெண்மை. சிறு கிண்ணத்தில் பொருந்திய அதன் காய் உலர்ந்துவிட்டால் முளைக்காது. உதிர்ந்த இலைகளின் ஈர மெத்தையே அதற்குத் தொட்டில்.

அம்மெத்தை மழைநீரை உறிஞ்சி மண்ணுக்குள் இறக்குகிறது. சுனைகள் வற்றாதிருக்க உதவுகிறது. மாட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் மலைநாட்டுப் பெண்கள் இம்மரத்திலிருந்து கொண்டுவருகின்றனர். ஆனால் கிளைகளை அளவுமீறி வெட்டினால் காய் குறையும், கன்றுகள் தோன்றா. காட்டுத்தீயும் சேர்ந்தால், வறட்சியைத் தாங்கும் பைன் மரம் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தழைக்கும் தண்ணீருக்கும் அப்பெண்களே நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

தோழியரே! எடுப்பதிலும் அளவு வேண்டும் என்பதே பாஞ்ச் மரம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.