மூக்கைக் கழுவலாம், பச்சைத் தண்ணீரில் வேண்டாம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை பிரிக்கிற பண்டகசாலைக்குள் பத்து நிமிடம் நின்றால் போதும், தொண்டை கமறி மூக்கு எரிய ஆரம்பித்துவிடும். சுக்கும் மிளகும் வற்றல் மிளகாயும் இறங்கும் தெரு இது. மழைக்காலத்தில் பழைய சுவர்களில் பூக்கும் பூஞ்சையும் சேர்ந்துகொண்டால், தெருவில் பாதிப் பேர் வாயால்தான் மூச்சு விடுவார்கள். நாம் நீர்க்கோவை என்கிறோம், பக்கத்து வீட்டு மலையாளி நீரிறக்கம் என்பார், கிளினிக்கில் சைனஸ் என்று எழுதுவார்கள்.

சுக்குப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் என் அண்ணன் தினமும் சாயங்காலம் வாஷ்பேசினில் குனிந்து உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவார். முதலில் விழும் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும், அதில் சுக்கு மணம்கூட வரும். அரை டம்ளர் தாண்டியதும் தெளிந்துவிடும். கெட்டிச் சளி இளகி, தூசு வெளியேறி, அன்றிரவு வாயை மூடிக்கொண்டு தூங்குகிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதைக் கேரளத்தில் இருப்பவர்கள் இப்போது கட்டாயம் கவனிக்க வேண்டும். அதனால் செய்யக்கூடாததிலிருந்தே தொடங்குகிறேன்.

செய்யக்கூடாதவை

குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர், டேங்கர் தண்ணீர், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ‘குடிக்கிற தண்ணீர்தானே?’ என்று கேட்பார்கள். குடிப்பதும் மூக்கில் விடுவதும் ஒன்றல்ல. நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேற்கூரைக்குப் போனால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிவிடும். அப்படி ஏறியவர்களில் பிழைத்தவர்கள் உலகளவிலேயே மிகச் சிலர். அது சூட்டை விரும்பும் உயிரி, 46 டிகிரி வரை தாங்கும். வெயிலில் காயும் தொட்டியும் அதன் அடியில் படிந்த சேறும் அதற்குச் சௌகரியமான இடம்.

கேரளத்தில் அமீபாவால் வரும் இந்த மூளை நோய் முதலில் தெரியவந்தது 2016-இல், ஆலப்புழையில். 2024 மே முதல் ஜூலைக்குள் வடகேரளத்தில் மூன்று குழந்தைகள் இறந்தார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் ‘ஜலமாணு ஜீவன்’ என்ற பெயரில் மாநிலம் முழுக்கக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் குளோரின் இடும் இயக்கமே நடந்தது. இங்கே பெரும்பாலும் பேசப்படுவது குளத்தில் குளிப்பதைப் பற்றி. ஆனால் அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் இறந்த இரண்டு பேர் குளத்துப் பக்கமே போகவில்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரை, மூக்கு கழுவும் நேத்திக் கெண்டியில் ஊற்றிக் கழுவியவர்கள் அவர்கள். இந்த நோய் வெகு அபூர்வம் என்பது உண்மை. ஐந்து நிமிடக் கொதியில் தடுத்துவிடலாம் என்பதும் உண்மை.

கொதித்த நீரைப் பச்சைத் தண்ணீரால் விளாவாதீர்கள். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான். குளிக்க வெந்நீர் விளாவிப் பழகிய கை, அவசரத்தில் இதற்கும் குழாயைத் திறந்துவிடும். திறந்த அந்த நொடியில் கொதிக்க வைத்தது வீண்.

ஆர்.ஓ. மெஷின் தண்ணீர், இருபது லிட்டர் கேன் தண்ணீர் இரண்டும் கிருமி நீக்கியவை அல்ல, அவற்றையும் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி வந்துவிடாதீர்கள், அது மனித மூக்குக்கான பொருளே அல்ல. பதிமுகம், சீரகம் போட்டுக் காய்ச்சிய தாகசமனி வெள்ளமும் வேண்டாம். அதைக் குடியுங்கள்.

உப்பில்லாத வெறும் தண்ணீரும் கூடாது. அது ரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் மூக்கின் உள்தோல் அதை உறிஞ்சி வீங்கும், சுள்ளென்று எரியும்.

காதுவலி, காதில் சீழ், மூக்கில் ரத்தம், அண்மையில் ஆபரேஷன், இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இரண்டு துவாரமும் முழுக்க அடைத்திருக்கும்போது பலமாகப் பீய்ச்சாதீர்கள், தண்ணீர் காதுப் பக்கம் போய்விடும். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துகளையும் நாள்கணக்கில் விடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போனால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும்.

செய்ய வேண்டியவை

காலையிலேயே ஒரு சிறு பாத்திரத்தில் தண்ணீரை வையுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஐந்து நிமிடம் விடுங்கள். ஒரு நிமிடக் கொதியே அமீபாவைக் கொன்றுவிடும், மீதி நான்கு நம் மனசுக்காக. மூடியை எடுக்காமல், அதே பாத்திரத்தில் தானாக ஆறட்டும். அடுத்த 24 மணி நேரத்துக்கு மட்டுமே அது பயன்படும், மறுநாள் புதிதாகக் காய்ச்ச வேண்டும். அடுப்பு மூட்ட முடியாத நாளில் மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும்.

உப்பின் அளவு முக்கியம். 250 மில்லி நீருக்கு இரண்டேகால் கிராம், அதாவது தலைதட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். கல்லுப்பை அளப்பது கஷ்டம், ஸ்பூனில் கட்டி ஒன்று கூடினாலே அளவு மாறிவிடும், பொடித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் அளந்து விற்கும் சலைன் பொடி இன்னும் சுலபம்.

புறங்கையில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சூடு தெரியக்கூடாது. பேசினுக்கு மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, மேலே இருக்கும் துவாரத்தில் கெண்டியாலோ பாட்டிலாலோ மெதுவாக ஊற்றுங்கள். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள், பேசாதீர்கள், விழுங்காதீர்கள். கீழ்த் துவாரத்தால் தண்ணீர் வழியும். பாதி முடிந்ததும் மறுபக்கம். பிறகு ஒவ்வொரு துவாரமாக மென்மையாகச் சிந்துங்கள். இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் காது அடைக்கும். படுக்கைக்குப் போகிற நேரத்தில் செய்யாதீர்கள், உள்ளே தங்கிய தண்ணீர் வடிய அரைமணியாவது வேண்டும். டாக்டர் கொடுத்த ஸ்ப்ரே இருந்தால் கழுவிய பிறகே அடியுங்கள்.

கெண்டியையும் பாட்டிலையும் கொதித்த நீரிலேயே அலசிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஒருவருடையதை மற்றவர் எடுக்கக்கூடாது.

தொழுகைக்கு முன் ஒளுச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கராச்சியில் குளம் குட்டைக்கே போகாதவர்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. ஒளுவில் குழாய்த் தண்ணீரை மூக்குக்குள் இழுத்தது காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூக்குக்கு மட்டும் கொதித்து ஆறிய நீர் ஒரு சொம்பு தனியே வைத்துக்கொள்ளலாம்.

பத்து நாளுக்கு மேல் நீடிக்கும் சளி, கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, சர்க்கரை நோயாளிக்கு மூக்கிலிருந்து கறுப்பாக வடிவது, இவற்றை உப்புத் தண்ணீர் தீர்க்காது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்துப் பிடிப்பு சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். எந்தக் குளத்தில் குளித்தோம், எந்தத் தண்ணீரில் மூக்கைக் கழுவினோம் என்பதை டாக்டர் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். 2024-இல் கோழிக்கோடு மாவட்டம் பய்யோளியைச் சேர்ந்த 14 வயதுப் பையன் பிழைத்து வீடு திரும்பினான். நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்து மருந்தைத் தொடங்கியதால்தான் அது முடிந்தது.