பம்புசெட்டுக்கு செல்போன் ஸ்டார்ட்டர்

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் கிணற்றுப் பாசனம் செய்யும் சிறு விவசாயிகளுக்கு இரவில் மோட்டார் போடப் போவது பெருந்தொல்லை. வரப்பில் பாம்பு, ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் ஷாக். வீட்டிலிருந்தே செல்போனால் இயக்கும் ஸ்டார்ட்டர் இதற்கு நல்ல மாற்று.

இதற்கென விலையுயர்ந்த ஸ்மார்ட்போன் வாங்கத் தேவையில்லை. பட்டன் போனிலிருந்து அழைத்தாலே இயங்கும் கருவிகள் கிடைக்கின்றன. கருவிக்குள் தனி சிம் கார்டு போட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஊருக்குள் சிக்னல் இருந்து, கிணற்றடியில் இல்லாவிட்டால் பணம் வீண். வாங்குமுன் மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்ப்பது நலம். ரீசார்ஜ் தவறினாலும் கருவி கேட்காது.

கிணறு வற்றினாலும், மூன்று பேஸில் ஒன்று போனாலும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும், காயில் கருகாது. மானிய விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறையில் முன்னதாகவே கேட்டறியலாம்.

மோட்டாரில் பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிவிட வேண்டும். கிணற்றடியில் ஆள் நிற்பது வீட்டிலிருந்து போன் போடுபவருக்குத் தெரியாது.