அந்த மலையில் மரம் உண்டா?

நாசிக் நகருக்கு அருகில் பாண்டவ்லேணி என்னும் குன்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பௌத்தத் துறவியருக்காகக் குடையப்பட்ட குகைகள் அதில் இருக்கின்றன. 2024 ஆம் ஆண்டு கோடையில், நாள்தோறும் விடியற்காலையில் முதியவர் ஒருவர் அக்குன்றின் படிகளில் ஏறி இறங்கினார். குகைகளைக் காண அவர் ஏறவில்லை. மூச்சையும் முழங்காலையும் பழக்கிக்கொள்வதற்காக ஏறினார். வழியில் இருமுறை நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே நாடித்துடிப்பை எண்ணுவார். பின்னர் மீண்டும் ஏறத் தொடங்குவார்.

அவர் இந்தியத் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பிறந்த ஊர் சிவகங்கைச் சீமையில் உள்ளது. பதினெட்டு வயதில் நாசிக் ரோட்டில் உள்ள பீரங்கிப் படை மையத்திற்குப் பயிற்சிக்கு வந்தவர், ஓய்வுக்குப் பிறகு மகனுக்கும் அங்கேயே வேலை அமைந்ததால் அந்நகரவாசியாகவே ஆகிவிட்டார். கடைக்காரரிடம் மராத்தியிலும், பழைய தோழர்களிடம் இந்தியிலும், வீட்டில் தமிழிலும் பேசுவார். அவருடைய பேத்தி மத்தியப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். தமிழை விருப்பப் பாடமாகக் கற்கிறாள்.

கார்கில் போர் முடிந்து அவ்வாண்டு சூலை 26 அன்று 25 ஆண்டுகள் நிறைவடைய இருந்தன. அந்நாளில் திராஸ் என்னும் ஊரிலுள்ள போர் நினைவிடத்திற்குச் செல்லப் பழைய வீரர்கள் சிலர் முடிவு செய்திருந்தனர். அவர்களுள் இவரும் ஒருவர்.

1999 ஆம் ஆண்டு கோடையில், ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையை நோக்கி நிற்கும் மலைமுகடுகளைப் பாகிஸ்தான் படையினர் கைப்பற்றியிருந்தனர். அங்கிருந்து பார்த்தால் சாலையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும் தெரியும். அவற்றை மீட்க இந்திய வீரர்கள் கீழிருந்து மேல்நோக்கி ஏற வேண்டியிருந்தது. திராஸ் ஊரின் எதிரில் நிற்கும் தோலோலிங் மலை சூன் 13 ஆம் நாள் மீட்கப்பட்டது. சூலை 4 அன்று புலிமலை எனப் பொருள்படும் டைகர் ஹில் மீட்கப்பட்டது. சூலை 26 அன்று போர் முடிவுற்றது. இந்தியத் தரப்பில் உயிர் நீத்தவர் 500 பேருக்கும் மேற்பட்டோர்.

போர்க்கதைகளில் மலையேறிய காலாட்படை வீரர்களே பெரிதும் பேசப்படுகின்றனர். அது நியாயமே. ஆயினும் பீரங்கி வீரரின் பணி வேறொரு வகையில் வருத்தம் நிறைந்தது. போஃபர்ஸ் பீரங்கி 20 கிலோமீட்டருக்கும் அப்பால் குண்டு வீசக்கூடியது. அதை இயக்குபவர் இலக்கைப் பெரும்பாலும் கண்ணால் காண்பதில்லை. காலாட்படையோடு மலையேறும் கண்காணிப்புக் குழுவினர் குண்டு விழும் இடத்தைப் பார்த்து, 'இன்னும் வலப்புறம்', 'இன்னும் 50 மீட்டர் மேலே' என்று வயர்லெஸ் கருவியில் சொல்வர். கீழே இருப்பவர்கள் அதற்கேற்பப் பீரங்கிக் குழாயைத் திருப்புவர். மேலே இருக்கும் அந்தக் குரல்தான் கீழே இருப்பவர்களுக்குக் கண்.

சூன் மாத இரவொன்றில் அந்தக் குழுவுக்கு வயர்லெஸ் கருவியைச் சுமந்து சென்றவன், இவருடைய படைப்பிரிவைச் சேர்ந்த இளைஞன், பக்கத்து ஊர்க்காரன். இவரை 'அண்ணே' என்றுதான் அழைப்பான். அதிகாலை மூன்று மணியளவில் குரல் நின்றது. சிறிது நேரத்திற்குப் பின்னர் வேறொரு குரல் அதே கருவியில் பேசத் தொடங்கியது. பீரங்கிகள் தொடர்ந்து முழங்கின. நிறுத்த இயலாது, ஏனெனில் மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவற்றை நம்பியே ஏறிக்கொண்டிருந்தனர். விடிந்த பிறகுதான் இவருக்குச் செய்தி தெரிந்தது. அந்த மலையில் இவர் ஒருமுறையேனும் கால் வைத்ததில்லை. சாலையோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பயணத்திற்கான ஆயத்தங்கள் மே மாதத்திலேயே தொடங்கிவிட்டன. முதலில் மருத்துவர். திராஸ் கடல் மட்டத்திலிருந்து 3200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்கே ஒருமுறை மூச்சிழுத்தால் கடற்கரையில் கிடைக்கும் உயிர்வளியில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அறுபத்து நான்கு வயதில், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர் அவ்வுயரத்திற்கு ஒரே நாளில் செல்வது ஆபத்து. எனவே, ஸ்ரீநகரிலிருந்து நேரே போகாமல் சோன்மார்கில் இரண்டு இரவுகள் தங்கி, உடல் பழகிய பிறகே சோஜி கணவாயைக் கடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறினார். தலைவலியோ வாந்தியோ தோன்றினால் அந்த நிமிடமே கீழே இறங்கிவிட வேண்டும் என்றும் எச்சரித்தார். "போரில்கூட இவ்வளவு கட்டளைகள் இல்லையே!" என்று முதியவர் சிரித்தார். ஆனால், ஒவ்வொன்றையும் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து, பதக்கங்கள். மெல்லிய துணியால் துடைத்து, நாடாக்கள் வெளுத்திருந்த இடத்தில் புதியவை தைத்து, வரிசை பிறழாமல் பொருத்தினார். ஆபரேஷன் விஜய் பதக்கத்தை எடுத்தபோது பேத்தி அதைத் தன் சட்டையின் வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வீரன் இடப்பக்கம் அணிவான். அவன் இல்லாதபோது அவனுடைய உறவினர் வலப்பக்கம் அணிவர். நான் இன்னும் இருக்கிறேன், கண்ணு!" என்றார். அவள் நாணத்துடன் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

வழியில் டெல்லியில் ஒருநாள் தங்குவதாகவும் ஏற்பாடு. இந்தியா கேட் அருகில் 2019 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் நான்கு வட்டங்களாக அமைந்தது. நடுவில் அணையாச் சுடர். 'தியாக் சக்ரா' என்னும் வட்டத்தின் சுவர்களில், விடுதலைக்குப் பின் பணியில் உயிர் நீத்த 25,000 பேருக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கருங்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. திராஸ் நினைவிடத்தின் சுவரிலும் கார்கிலில் மாண்டவர்களின் பெயர்கள் உள்ளன. ஆகவே, அந்த இளைஞனின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டையும் காண வேண்டும் என்பது முதியவரின் விருப்பம்.

திராஸில் அவர் காண விரும்பியது மற்றொன்றும் உண்டு. அங்குள்ள முகடுகளுள் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. வரைபடத்தில் மீட்டர்க் கணக்கில் குறித்த உயரமே அவற்றின் பெயர். அவற்றுள் ஒன்றான 5140 என்னும் முகட்டுக்கு, பீரங்கிப் படையின் பணியைப் போற்றி 2022 ஆம் ஆண்டில் 'கன் ஹில்', அதாவது பீரங்கி மலை, என்று பெயரிட்டனர். அச்செய்தி வந்த நாளில் அவர் தெருவிலிருந்த அனைவருக்கும் இனிப்பு வழங்கினார்.

புறப்படுவதற்கு ஒருவாரம் முன்பு கடிதம் ஒன்று வந்தது. அனுப்பியவர் அந்த இளைஞனின் தாயார். வயது எண்பதைக் கடந்தவர். அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள். முதியவரின் கண்ணாடி பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டிருந்ததால், பேத்தியைப் படிக்கச் சொன்னார்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் விளங்கவில்லை. பாடநூலில் கற்ற தமிழ் அன்று அது. "தொட்டுட்டு வா... இது என்ன சொல், தாத்தா?" என்று கேட்டாள். "கண்ணால் படிக்காதே, வாய்விட்டுப் படி" என்றார் அவர். உரக்கப் படித்தபோது, வீட்டில் அன்றாடம் கேட்கும் பேச்சே அது என்பது அவளுக்குப் புலப்பட்டது.

"தம்பி, நல்லா இருக்கியா? முழங்கால் வலி எப்படி இருக்கு? நீ அந்த மலைக்குப் போறேன்னு கேள்விப்பட்டேன். எனக்கும் வரணும்னுதான் ஆசை. டாக்டரு வேண்டாம்னு சொல்லிட்டாரு. நீயாவது அவன் பேரை ஒரு தடவ தொட்டுட்டு வா. இன்னொண்ணும் கேக்கணும். இத்தனை வருசமா கேக்கல. அந்த மலையில மரம் இருக்கா தம்பி? அவனுக்கு வெயில்ல நின்னா தலைவலி வந்துரும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். தாத்தா பேசவில்லை.

அம்மலைச்சரிவில் மரம் இல்லை. புதர்கூட அரிது. வெறும் பாறையும் சரளையுமே. ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாததால்தான் பகலில் ஏறுவது இயலாமற்போயிற்று. மேலே இருப்பவரின் துப்பாக்கிக்கு ஏறுபவர் நேராகத் தெரிவார். அதனாலேயே இரவில் ஏறினர். அதனாலேயே பீரங்கிகள் விடியும்வரை முழங்கின. தாயின் கேள்விக்கு உரிய விடை அவருடைய மகன் இறந்ததற்கான காரணமாகவும் இருந்தது. 'ஆம் அம்மா, நிறைய மரங்கள் உண்டு' என்று எழுதிவிடலாம். அவர் வந்து பார்க்கப்போவதில்லை.

அன்றிரவு பேத்தியை அழைத்துத் தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார். முதல் தாளைக் கிழித்தார். இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவது தாளில் அவர் சொல்ல, அவள் எழுதினாள். பிழையாக எழுதிய இடங்களைத் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

"அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் பரவாயில்லை. அவன் பெயரை உங்களுக்காகவும் ஒருமுறை தொட்டுவிட்டு வருவேன். அந்த மலையில் மரம் இல்லை அம்மா. நான் கீழேதான் இருந்தேன், ஆனாலும் தெரியும். அவன் ஏறியது இரவில். வெயில் இல்லை. நல்ல குளிர். தலைவலி இருந்திருக்காது. கடைசி வரைக்கும் அவன் குரல் தெளிவாகவே கேட்டது."

கடிதத்தை உறையிலிட்டு, முகவரியையும் பேத்தியே தமிழில் எழுதினாள். மறுநாள் குன்றுக்குச் செல்லும் வழியில் முதியவர் அதை அஞ்சற்பெட்டியில் சேர்த்தார்.

பயிற்சி

சொற்பொருள்: ஆயத்தம் – முன்னேற்பாடு, முகடு – மலையின் உச்சி, கணவாய் – மலைகளுக்கு இடையேயான வழி, உயிர்வளி – ஆக்சிஜன், சரளை – சிறு கற்கள், புலப்படுதல் – விளங்குதல்.

1. பீரங்கி வீரருக்குக் கண்ணாக இருந்தது எது? ஏன்?
2. முதியவர் முதல் இரண்டு தாள்களில் என்ன எழுதச் சொல்லியிருப்பார்? உம் சொற்களில் எழுதுக.
3. தாயாரின் கடிதத்திலுள்ள பேச்சுவழக்குச் சொற்களை எழுத்துவழக்கில் மாற்றி எழுதுக: போறேன்னு, தடவ, கேக்கல, மலையில, வந்துரும்.
4. ஊரிலுள்ள உம் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதி, அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுக.