முதல் ரிமோட் டாங்கி: மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு திம்புள்ளையில் ஒரு தோட்டத்தில். நான் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு வயதுத் தம்பி, ரிமோட்டில் ஓடும் யுத்த டாங்கி ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கும் அந்த ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. சீட்டு எடுத்த பணத்தில் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறேன். இன்னொரு தடவை இப்படிச் செலவழிக்க முடியாது. தம்பி கேட்பது ஜெர்மன் 'டைகர்'. புறக்கோட்டையில் மலிவானவையும் இருக்கின்றன, இணையத்தில் விலை கூடியவையும் இருக்கின்றன. லயத்தைச் சுற்றி மேடு பள்ளம், மழை பெய்தால் சேறு. "யுத்த சாமான் நமக்கு எதற்கு?" என்கிறார் அம்மா. எதை வாங்கலாம்?
– வாசகர், திம்புள்ள

பதில்: தம்பி, மேடு பள்ளம், சேறு என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. ரிமோட் காரை வேகத்துக்காக வாங்குகிறோம். டாங்கியை வாங்குவது, அது மெதுவாக, கனமாக, ஏற்றத்தில் ஏறிப் போவதைப் பார்ப்பதற்காக. அந்தச் சுமை முழுவதும் விழுவது கியர் பாக்ஸிலும் சங்கிலிப் பட்டையிலும். ஆகவே உங்கள் காசு முதலில் அங்கே போகட்டும். பெயின்ட், சத்தம், புகை எல்லாம் பிறகு.

அளவில் 1/16 எடுங்கள். உண்மையான டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு. சோவியத் டி-34/85 டாங்கி என்றால் பீரங்கிக் குழாயோடு சுமார் அரை மீற்றர் நீளம். 1/24, 1/72 அளவுகள் விலை குறைவுதான். ஆனால் அவை சிமெந்துத் தரைக்கும் மேசைக்கும் உரியவை. இஸ்தோப்பை விட்டு இறங்கியதும் சின்னக் கல்லில் மாட்டிக்கொள்ளும்.

இந்த அளவில், குறைந்த காசில் நம்பி வாங்கக்கூடியது சீனாவின் ஹெங் லாங். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1974இல் வெளியிட்ட முதல் ரிமோட் மாதிரியே ஒரு ஷெர்மன் டாங்கிதான். அவர்களுடைய 1/16 தொகுதிகள் அருமையானவை. ஆனால் விலை பல மடங்கு, பூட்டுகிற வேலையும் நம்முடையது. அது இரண்டாவது டாங்கியாக இருக்கட்டும். ஹெங் லாங்கில் இன்னொரு நன்மை, பற்சக்கரம், சங்கிலி, மோட்டார், சர்க்யூட் என்று ஒவ்வொன்றும் தனியாக விற்பனைக்கு இருக்கிறது. உதிரிப் பாகம் கிடைக்காத பொம்மையில் ஒரு பல் உடைந்தால் முழுவதையும் வீச வேண்டியதுதான்.

ஒரே டாங்கி மூன்று தரத்தில் வரும். முதலாவதில் கியரும் சங்கிலியும் பிளாஸ்டிக். இரண்டாவதில் கியர் உலோகம், சங்கிலி பிளாஸ்டிக். மூன்றாவதில் இரண்டும் உலோகம். கடைக்கு ஒரு பெயர் சொல்வார்கள், பெயரை விட்டுவிட்டு "கியர் பாக்ஸ் உலோகமா?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு ஏற்றது இரண்டாவது தரம். முதல் தரத்தை வாங்கிவிட்டு, பார்வைக்காக இரும்புச் சங்கிலியைப் பிறகு மாட்டுபவர்கள் பலர். அந்தக் கனத்தைப் பிளாஸ்டிக் கியர் தாங்காது, பற்கள் உரிந்துவிடும். மாற்றுவதானால் கியர் முதலில், சங்கிலி பிறகு.

அடுத்தது டைகர். தம்பிக்கு இதைச் சொல்லிப் புரியவையுங்கள். டைகரின் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடுக்கடுக்காக இருக்கும். பார்க்க கம்பீரம், ஆனால் இடுக்கில் புகுந்த மண் வெளியே வராது. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யக் குளிரில், இரவில் அந்தச் சேறு உறைந்து, விடிந்ததும் சக்கரம் சுற்றாமல் நின்ற டைகர்கள் உண்டு. மழைக்குப் பிந்திய நம் மலை மண்ணிலும் தொல்லை அதேதான். சோவியத் டி-34இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், இடையில் நல்ல இடைவெளி, சங்கிலியின் மேற்பகுதியைத் தாங்கச் சின்ன உருளைகளும் கிடையாது. மண் தானாகவே விழுந்துவிடும். மிச்சத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஓட்டும்போது பின்பக்கம் 'டக், டக்' என்று கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். கல்லோ தேயிலைக் குச்சியோ பற்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் சிக்கியிருக்கும். அதோடு ஓட்டினால் அடுத்து உடைவது கியர்.

கடையில் வாங்கினால் இரண்டு விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். டாங்கியைக் கையில் தூக்கிக்கொண்டு ரிமோட் குச்சியை மெல்லத் தள்ளுங்கள். சங்கிலியும் மெல்லச் சுற்றத் தொடங்க வேண்டும்; எடுத்த எடுப்பில் முழு வேகம் பிடித்தால் அது வெறும் பொம்மை. பிறகு தரையில் வைத்துத் திருப்புங்கள். ஒரு சங்கிலி முன்னாலும் மற்றது பின்னாலும் ஓடி, நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். ரிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸ் வகையாக இருக்கட்டும். பழைய 27 மெகாஹேர்ட்ஸ் ரிமோட்கள் இரண்டு ஒரே அலைவரிசையில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று குழப்பும்.

ஒதுக்கிய பணம் முழுவதையும் டாங்கிக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கை இன்னொரு பெட்டரிக்கும் ஒரு சோடி உதிரிச் சங்கிலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் முன்கூட்டியே கேட்டுக் கணக்கில் சேருங்கள்; பெரிய பெட்டி, பாரமும் அதிகம்.

பெட்டரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இப்போது பெரும்பாலும் வருவது 7.4 வோல்ட் லித்தியம் பெட்டரி. தூங்கும்போதோ, ஆள் இல்லாதபோதோ, மெத்தைமேல் வைத்தோ சார்ஜ் போடக்கூடாது. வீங்கிய பெட்டரியைத் தொடர்ந்து பாவிக்கக்கூடாது. லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ வரிசை முழுவதையும் எரித்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இந்த டாங்கிகளுக்குள் தண்ணீர் போகக்கூடாது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் இஸ்தோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தை முதல் பங்குனி வரை, திம்புள்ளைத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் வறண்ட மாதங்களில், கிரவுண்டுக்குக் கொண்டு போகலாம். கொழுந்து லொறி வரும் பாதையில் வேண்டாம். கானுக்குள் இறக்கவும் வேண்டாம்.

அம்மாவின் தயக்கம் நியாயமானது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரிலும் அகப்பட்ட குடும்பங்கள் நம்மவர்களுடையவை. ஆகவே பிளாஸ்டிக் குண்டு சுடும் வசதி இருந்தாலும் குண்டு போடாதீர்கள். பிள்ளைகளின் கண்ணுக்கும் அதுவே பாதுகாப்பு. சங்கிலியைக் கழற்றி மாட்டவும், கியருக்குக் கிரீஸ் பூசவும், கம்பி ஒட்டவும் தம்பியைப் பழக்குங்கள். எது எதைச் சுற்றுகிறது, சுமை எங்கே விழுகிறது என்று அவன் கையாலேயே தெரிந்துகொள்வான். அதை அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

என் தீர்ப்பு: ஹெங் லாங் 1/16 டி-34/85, உலோகக் கியர், பிளாஸ்டிக் சங்கிலி, 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட், கூடவே இன்னொரு பெட்டரி. கையில் உள்ள காசு இதற்குப் போதாவிட்டால் பிளாஸ்டிக் கியருக்கு இறங்காதீர்கள். இன்னும் சில மாதம் சேர்த்து இதையே வாங்குங்கள்.