டி.எம். ஓட்டுநர் கையேடு எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய ‘டிரான்சிட் மிக்சர் ஓட்டுநர் கையேடு’ கிடைத்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்தேன். ஸ்லம்ப், அதாவது கான்கிரீட்டின் இளக்கம், என்றால் என்ன, கிரேடு என்றால் என்ன, சலானில் எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்தக் கடிதமே அதனால்தான்.

“கான்கிரீட் இறுகியதாகத் தெரிந்தால், சைட் என்ஜினியரின் அனுமதியோடு சிறிதளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.”

இதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்பதை ஏற்க மனம் வரவில்லை. சிறிதளவு என்றால் எவ்வளவு? ராத்திரி இரண்டு மணிக்கு, பம்புக்காரர் ஒரு பக்கம் கத்த, மேஸ்திரி இன்னொரு பக்கம் கத்த, வண்டிக்குப் பின்னால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டுநர் அதை எதைக் கொண்டு அளப்பார்? கனமீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் கூடினால் ஸ்லம்ப் ஏறக்குறைய 25 மி.மீ. கூடும் என்று தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 6 கனமீட்டர் லோடுக்கு அது 30 லிட்டர், அதாவது இரண்டு குடம். ஹோஸைத் திறந்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் நாலு வார்த்தை பேசினால் 100 லிட்டர் உள்ளே போய்விடும். கனமீட்டருக்கு 380 கிலோ சிமென்ட், 171 லிட்டர் தண்ணீர், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45 என்று டிசைன் செய்த கலவையில் அந்த 100 லிட்டர் கலந்தால் விகிதம் 0.49ஐத் தாண்டிவிடும். எம்-சாண்டின் ஈரத்தைப் பார்த்துப் பார்த்து நீங்கள் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்த வேலையெல்லாம் ஹோஸ் முனையில் வீணாகிறது. 28 நாள் கழித்து சோதனைக் கியூப் குறைந்த பளுவிலேயே உடையும்போது சிமென்ட்டின் மீது பழி விழும், மணலின் மீது விழும், கியூப் போட்ட பையன் மீதும் விழும். ஹோஸை யாருக்கும் நினைவிருக்காது.

‘சைட் என்ஜினியரின் அனுமதியோடு’ என்று எழுதியதால் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அந்த என்ஜினியர் பெரும்பாலும் கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். பம்ப் லைன் அடைத்துக்கொள்ளும் என்று நாலு பேர் சேர்ந்து மிரட்டினால் அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு உங்கள் கையேடு அச்சில் சம்மதம் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துவிடுங்கள். கான்கிரீட் இறுகியிருந்தால் ஓட்டுநர் பிளான்ட்டின் குவாலிட்டி ஆளுக்குப் போன் செய்ய வேண்டும். அவர் சொல்லும் அளவுக்கு, அளந்த ஜாடியிலிருந்து பிளாஸ்டிசைசர் என்கிற இளக்கும் மருந்தை ஊற்ற வேண்டும். பிறகு டிரம்மை முழு வேகத்தில் 5 நிமிடமாவது சுற்ற வேண்டும். ஊற்றிய அளவையும் நேரத்தையும் சலானில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதான் எழுத வேண்டியது. அதிலும் அந்த 5 நிமிடத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஊற்றியவுடனே, கான்கிரீட் இறங்கும் சரிவான ‘சூட்’டைத் திருப்பிக் கொட்டத் தொடங்குகிறார்கள். விழுவதில் ஒரு பகுதி சுண்டலாகவும் ஒரு பகுதி கஞ்சியாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே தளத்துக்குள் போகின்றன.

சரி, தண்ணீரை விடுகிறேன். இன்னொன்று இதைவிட என்னை உறுத்துகிறது.

உங்கள் கையேட்டில் டிரம்மின் படம் மூன்று இடத்தில் வருகிறது, மூன்றுமே வெளியிலிருந்து வரைந்தவை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கோடுகூட இல்லை. டயருக்கு இரண்டு பக்கம், லைசென்ஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஒரு பக்கம், ஹாரன் அடிப்பதற்குக்கூட ஒரு பத்தி. பிளேடுக்கு ஒரு வரி கிடையாது. டி.எம். என்கிற டிரான்சிட் மிக்சர் வண்டியில் வேலை செய்வதே அந்தப் பிளேடுதான், தம்பி. டிரம் உருண்டால் மட்டும் கான்கிரீட் கலந்துவிடாது. வாயிலிருந்து அடி வரைக்கும் சுருளாகப் பற்றவைத்த இரண்டு பிளேடுகள் கான்கிரீட்டை அடிப்பக்கம் தள்ளிக்கொண்டே போகின்றன, அது மேலேறி மடிந்து திரும்ப விழுகிறது. அந்த மடிப்பில்தான் ஜல்லியும் சாந்தும் சேர்ந்திருக்கின்றன. டிரம்மை எதிர்ப்பக்கம் சுற்றினால் அதே பிளேடு கான்கிரீட்டை வாய்க்குக் கொண்டுவந்து சூட்டில் தள்ளுகிறது. ஏற்றுவது, கலப்பது, இறக்குவது மூன்றும் அந்த இரும்புத் தகட்டின் உயரத்தை நம்பித்தான் நடக்கின்றன.

அந்த உயரம் நாளுக்கு நாள் தேய்கிறது. கருங்கல் ஜல்லி ஒவ்வொரு சுற்றிலும் அதை உரசிக்கொண்டே போகிறது. பல் மழுங்கிய தேங்காய்த் துருவியைச் சுற்றினால் என்ன ஆகுமோ அதுதான் தேய்ந்த பிளேடிலும் நடக்கும். டிரம் சுற்றும், கான்கிரீட் அடியில் வழுக்கிக்கொண்டு கிடக்கும். வண்டி சைட்டுக்குப் போனதும், பிளான்ட்டில் நன்றாக இருந்த அதே லோடில் முதல் பாண்டு ஒரு மாதிரியும் கடைசிப் பாண்டு ஒரு மாதிரியும் வரும். அப்போது டிசைனைத் திருத்த உட்காருவார்கள். அட்மிக்சர் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பார்கள். டிரம்மின் மேன்ஹோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

தேய்மானம் ஒரு பக்கம் என்றால் பிடிப்பு இன்னொரு பக்கம். பிளேடின் முதுகிலும் அடியிலும் பழைய கான்கிரீட் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. அது இடத்தை அடைக்கிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். சி94 தரவிதிப்படி, டிரம்மிலேயே கலப்பதானால் அதன் மொத்தக் கொள்ளளவில் 63 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. கலந்ததைக் கிளறிக்கொண்டு போவதானால் 80 சதவீதம் வரை போகலாம். மேலே விட்டிருக்கும் காலி இடம் கான்கிரீட் புரண்டு விழுவதற்கானது. அந்த இடத்தைப் பழைய கான்கிரீட் பிடித்துக்கொண்டால் எடையும் கூடுகிறது, கலவையும் கெடுகிறது. 6 கனமீட்டர் கான்கிரீட்டே 14 டன்னுக்கு மேல். ஒட்டிக்கிடப்பதைச் சும்மா சுமந்து திரிவதற்கும் சேர்த்துத்தான் டீசல் எரிகிறது. கழுவின தண்ணீரையும் இதோடு சேர்க்க வேண்டும். டிரம்மைக் கழுவிவிட்டு முழுக்க வடிக்காமல் அடுத்த லோடுக்கு நிற்கும் வண்டி, நான் மேலே சொன்ன அந்த 100 லிட்டரை பிளான்ட்டுக்குள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. ஏற்றுவதற்கு முன்னால் டிரம்மை எதிர்ப்பக்கம் சுற்றி ஒட்ட வடித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி கையேட்டில் அவசியம் வேண்டும்.

இவற்றை ஓட்டுநரிடம் ஏன் சொல்ல வேண்டும், மெக்கானிக் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கையேடு முழுக்க அந்த எண்ணம்தான் ஓடுகிறது. நீங்கள் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அது அவருக்கு ஏற்கனவே தெரியும். அவர் கான்கிரீட் வேலை செய்கிறவர் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை, நீங்களும் சொல்லவில்லை. பேட்சிங் பிளான்ட்டில் கலவை முடிந்துவிட்டது, இனி அது சரக்கு என்று நினைக்கிறோம். லோடு ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்று ஐ.எஸ். 4926 சொல்கிறதே, அந்த நேரம் முழுக்க சிமென்ட் தண்ணீரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது, சூடு ஏறுகிறது, ஸ்லம்ப் விழுகிறது. கத்திரி வெயிலில் சென்னை கிண்டி நெரிசலில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு அந்த 2 மணி நேரம் வேறு, மார்கழி இரவில் போகும் வண்டிக்கு வேறு. அந்த நேரத்தில் கான்கிரீட்டின் பக்கத்தில் இருக்கிற ஒரே ஆள் ஓட்டுநர். நீங்கள் லேபில் இருப்பீர்கள், நான் வீட்டில் இருப்பேன்.

முதல் பக்கத்தில் நீங்களே ஸ்டீபன் ஸ்டெபானியனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 1916இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் இருந்துகொண்டு அந்த மனிதர் ஓடும் வண்டிமேலேயே கலவை சுற்ற வேண்டும் என்று ஏன் பாடுபட்டார்? கலந்ததைச் சாதாரண லாரியில் கொட்டிக்கொண்டு போனால் வழியெல்லாம் குலுங்கி ஜல்லி அடியிலும் தண்ணீர் மேலேயும் பிரிந்துவிடும். அதனால்தான் கலவை மிஷினையே வண்டியில் ஏற்றினார்கள். முதல் பக்கத்தில் இதை எழுதிய நீங்கள் மீதிப் பக்கங்களில் அதே வண்டியைத் தண்ணீர் லாரி போல நடத்துகிறீர்களே.

1990களின் பிற்பாதியில் சென்னையில் டி.எம். வண்டிகள் கண்ணில் படத் தொடங்கிய காலத்தில் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதற்கு முன்பு தளம் போடுவது என்றால் டீசல் மிக்சர் மிஷின், சாரத்தில் வரிசையாக நிற்கும் சித்தாள்கள், கை மாறி மாறி மேலே போகும் பாண்டு, மதியம் வீட்டுக்காரர் போடும் சாப்பாடு. அங்கே கலவையைப் பார்த்து “கொஞ்சம் கெட்டி” என்று சொல்ல மிஷின் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். டி.எம். வந்ததும் அந்த ஆள் காணாமல் போனார். அவர் இடத்தில் வந்த ஓட்டுநர்களோ மணல் லாரியும் தண்ணீர் லாரியும் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்.

அவர்களில் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். படிப்பு அதிகமில்லை. சைட் வாசலில் நின்று டிரம் சுற்றும் சத்தத்தைக் கேட்டே ஸ்லம்ப் சொல்வார். ஸ்லம்ப் அளக்கும் கோன் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இதில் மாயம் ஒன்றுமில்லை. கான்கிரீட் கெட்டியானால் டிரம்மைச் சுற்ற ஹைட்ராலிக் மோட்டாருக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், என்ஜின் இழுக்கும் சத்தம் மாறும். இன்றைக்கு அதே அழுத்தத்தை அளந்து கேபினுக்குள் ஸ்லம்ப் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. அவர் அதைக் காதால் படித்தார்.

ஒரு கோடை இரவில், நடுச்சாலையில் அவருடைய வண்டியின் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தது. லோடு முழுசாக உள்ளே இருக்க, டிரம் நின்றுவிட்டது. அவர் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. பிளான்ட்டுக்குப் போன் செய்து காலி டி.எம். ஒன்றைக் கேட்டார். அது வருவதற்குள் பக்கத்து மளிகைக் கடைக்காரரை எழுப்பிச் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார். சர்க்கரை சிமென்ட் இறுகுவதைத் தடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. காலி வண்டியை ஒட்டி நிறுத்தி, அதன் பம்பிலிருந்து இந்த வண்டியின் மோட்டாருக்கு ஹோஸ் மாட்டி, டிரம்மைச் சுற்ற வைத்துச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினார்கள். அந்த லோடு சைட்டுக்குப் போகவில்லை, போகவும் கூடாது. ஆனால் டிரம் பிழைத்தது. அரை நாள் விட்டிருந்தால் 14 டன் பாறை உள்ளே உட்கார்ந்திருக்கும், தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இப்படி டிரம் நின்றுபோனால் என்ன செய்வது என்று உங்கள் கையேட்டில் ஒரு பக்கம் வேண்டும். அடுத்த வண்டியின் ஹோஸை மாட்டும் முறையைப் படத்தோடு போடுங்கள்.

இனி பத்தொன்பதாம் பக்கம். டிரம்முக்குள் இறங்கிக் காய்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு பக்கத்தைப் போல இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் நான் எதையும் படித்ததில்லை. “உள்ளே போகிறவரின் சட்டைப் பையில்தான் வண்டிச் சாவி இருக்க வேண்டும்” என்ற வரியைப் படித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். யாரோ ஒருவர் தெரியாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்து லீவரைத் தட்டிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எழுதியவரின் வரி அது. வெளியே ஒரு ஆள் நகராமல் நிற்க வேண்டும், மேன்ஹோலும் வாயும் திறந்து காற்று ஓட வேண்டும், தூசி நுரையீரலுக்குப் போகாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கொத்த வேண்டும், துணியைக் கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது என்று வரிசையாகச் சொல்லி, கையால் படமும் வரைந்திருக்கிறீர்கள். பெரிய நிறுவனங்களின் வழவழப்பான பயிற்சிப் புத்தகங்களில் இந்த அக்கறையை நான் பார்த்ததில்லை. வேறு எதையும் நீங்கள் எழுதாமல் இந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருந்தாலும் உங்களைக் கொண்டாடுவேன். அதைத் தனியாக அச்சடித்து ஒவ்வொரு பிளான்ட்டின் வாஷிங் பே சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

வளைவுகளைப் பற்றி எழுதியது போதாது. சுற்றும் டிரம்மில் கான்கிரீட் ஒரு பக்கமாக ஏறி நிற்கிறது, எடையும் உயரத்தில் இருக்கிறது. மேம்பால வளைவில் மற்ற லாரி போகும் வேகத்தில் டி.எம். போனால் கவிழும். ஒரு பத்தி சேருங்கள்.

கடைசியாக, கையேட்டில் எழுத முடியாத ஒன்று. நான் பார்த்த பிளான்ட்களில் ஓட்டுநர்களுக்கு டிரிப் கணக்கில்தான் பேட்டா. டிரம்மைக் கழுவி, வடித்து, டார்ச் அடித்துப் பார்க்கும் நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. ராத்திரிக்குள் இன்னொரு டிரிப் அடித்தால்தான் வீட்டுக்குப் பணம் என்றிருக்கிறவர் எப்படிக் கழுவுவார்? கழுவும் நேரத்துக்கும் பேட்டா வேண்டும் என்று உங்கள் மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள். நான் வேலையில் இருந்தபோது கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீங்கள் கணக்குப் போட்டுக் கேளுங்கள்: ஒரு டிரம் கொத்துவதற்கு ஆகும் கூலி, வண்டி நிற்கும் நாள், பிளேடு மாற்றும் செலவு, திருப்பி அனுப்பப்பட்ட லோடுகள் என்று எல்லாம் உங்கள் ரெஜிஸ்டரிலேயே இருக்கின்றன.

இரண்டாம் பதிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிளேடு பகுதியை எனக்கு அனுப்புங்கள். மேன்ஹோல் வழியாகப் பார்த்தால் எங்கே முதலில் தேய்மானம் தெரியும் என்று நான் படத்தில் குறித்துத் தருகிறேன். அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லுங்கள், கேபினில் ஈரக்கைபட்டே கிழிந்துவிடும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பிளான்ட் மேற்பார்வையாளர் ஒருவர்