பதிவேட்டில் முதலில் பெயர் எழுதியது யார்?



லப்பைக்குடிக்காட்டிலிருந்து குற்றச் செய்திகள் எழுத வந்திருக்கிறாய், தம்பி. வெள்ளாற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தின் கதையை முதலில் படி.

1993 மார்ச்சில் ஒரு நகைத் திருட்டு. குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு மீது சந்தேகம் விழுந்தது. கம்மாபுரம் காவல் நிலையத்தில் அவரையும் குடும்பத்தாரையும் அடித்தார்கள். பிறகு, ஆள் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். மனைவி பார்வதி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜாக்கண்ணுவின் உடல் உன் பக்கத்தில்தான், இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிப் பகுதியில், அடையாளம் தெரியாத பிணமாகக் கிடைத்திருந்தது. காவலர்கள் குற்றவாளிகள் என்று 2006இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 'ஜெய் பீம்' படம் இந்த வழக்கிலிருந்து பிறந்ததுதான்.

நகை காணாமல் போனால் போலீஸ் ஏன் குறவர் தெருவுக்கே போகிறது?

1871இல் வெள்ளையர் அரசு, சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவேட்டில் ஏற்றும் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது; குறவர்களும் அதில் சிக்கினார்கள். அதன்படி பிறமலைக் கள்ளர் ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுக்க வேண்டும், வெளியூர் போக 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் கிராமத்தில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தார்கள். சாவடியில் படுப்பவன் தன் வெள்ளாமைக்கு எப்படிக் காவல் இருப்பான்? திருடன் என்று அரசே எழுதிவைத்தவனை எந்த மிராசுதார் வேலைக்கு வைப்பார்? அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் இதைத்தான் கோட்பாடாகச் சொன்னார்: பிறர் ஒட்டும் முத்திரைதான் ஒருவரைப் 'பிறழ்ந்தவர்' ஆக்குகிறது. சட்டம் 1947இல் இங்கே நீங்கியது. காவல் நிலையத்துப் பழக்கம் நீங்கவில்லை.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனையும் படி. சம்பாதி என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, வழியைச் சிலருக்கு மட்டும் திறந்தால் மீறல் வரும் என்றார் 1938இல். உன் ஊரில் பல வீடுகளுக்கு வளைகுடா விசா அந்த வழியைத் திறந்தது. விசாவுக்குப் பணம் புரட்ட முடியாத வீட்டுப் பையனை நினைத்துப் பார்.

ஆனால் வறுமைதான் காரணம் என்று முடித்துவிடாதே. குற்றவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939இலேயே அதை மறுத்தார்; பெரிய கம்பெனிகளின் குற்றங்களைத் தொகுத்து 1949இல் புத்தகமாக்கினார். வழக்குக்குப் பயந்த பதிப்பகம் கம்பெனிப் பெயர்களை நீக்கச் சொன்னது. பெயர்களோடு முழுப் புத்தகம் வர 1983 ஆயிற்று. ராஜாக்கண்ணு போன்றவர்களின் பெயரைப் போட இங்கே யாரும் பயந்ததில்லை, தம்பி.

ஆகவே, வெள்ளாற்று மணலோடு மாட்டுவண்டிக்காரர் பிடிபட்டால் அவர் பெயரோடு நிறுத்தாதே. மணலை வாங்க இருந்தவர் யார் என்று கேள். தீர்ப்புக்கு முன் 'பிரபல திருடன்' என்று எழுதாதே. கைதுக் குறிப்பாணையில் (அரெஸ்ட் மெமோ) கைது நேரம் இருக்கும். ஆளை வீட்டிலிருந்து கூட்டிப்போன நேரம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா என்று பார்த்து, இரண்டு நேரத்தையும் செய்தியில் போடு.